சாயாத படகு

"இவ்வளவு பெரிய ஓட்டை. இந்த வழியா தண்ணி புகுந்தும் இது எப்படி மூழ்காம இருந்துச்சு?"

படகின் முன்பக்கத்தில், ஒரு சாப்பாட்டுத் தட்டு நுழையும் அளவுக்கு உடைந்திருந்த இடத்தில் கையை வைத்தபடி அந்த அம்மாள் கேட்டார். படகைச் செய்த பட்டறைக்காரர் எழுந்து பக்கத்தில் வந்து நின்றார்.

போன மாதம் இதே படகில் தனியாகக் கடலுக்குப் போன அந்த அம்மாளின் கணவர் உயிரோடு திரும்பவில்லை. எதன் மேலோ மோதி முன்பக்கம் பிளந்துவிட்டது. தலையில் அடிபட்டு, தண்ணீர் நிறைந்த படகுக்குள்ளேயே கிடந்தவரை மறுநாள்தான் கண்டுபிடித்தார்கள். படகைப் பட்டறைக்கே இழுத்து வந்து போட்டிருந்தார்கள்.

விற்பனையைக் கவனிக்கும் மச்சான் காலையிலேயே எச்சரித்துவிட்டுப் போயிருந்தார். அந்தம்மா வந்தால் உட்கார வை, தண்ணீர் கொடு, ஆறுதல் சொல். படகைப் பற்றி மட்டும் மூச்சு விடாதே, நீ சொல்வதை வைத்தே நம்மைக் கோர்ட்டுக்கு இழுத்துவிடுவார்கள் என்று. மச்சான் வாயை வைத்துப் பிழைக்கிறவர். அதனால் மற்றவர்கள் வாயைத் திறந்தால் அவருக்குப் பயம்.

ஆனால், மூழ்காத படகைப் பற்றிக் கேட்டால் பட்டறைக்காரரால் சும்மா இருக்க முடியாது. வெளியே ஒரு ஃபைபர் ஓடு, உள்ளே ஒரு ஃபைபர் ஓடு, இரண்டுக்கும் நடுவில் ஃபோம். இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றினால் பால் போலப் பொங்கி, இண்டு இடுக்கெல்லாம் நிறைந்து, கட்டையாக இறுகிவிடும். அதன் பிறகு ஓடு உடைந்தாலும் இரண்டு ஓட்டுக்கும் நடுவில் தண்ணீர் தங்க இடமே இருக்காது. சொல்லிக்கொண்டே ஓட்டைக்குள் கத்தியை விட்டு ஒரு துண்டு ஃபோமை அறுத்தெடுத்து அந்த அம்மாளிடம் நீட்டினார்.

"அமுக்கிப் பாருங்கம்மா. ஒரு சொட்டு வராது."

அந்த அம்மாள் அமுக்கிப் பார்க்கவில்லை. கையில் வெறுமனே வைத்துக்கொண்டார்.

"அப்போ ஆள் உட்கார்ற இடம் முழுக்கத் தண்ணி நிறைஞ்சாலும் மிதக்கும். கவுந்து மிதக்குமா, நேரா மிதக்குமா?"

"நேராத்தாம்மா. துளி சாயாது."

மற்ற பட்டறைகளில் தளத்துக்கு அடியில் மட்டும்தான் ஃபோம் ஊற்றுவார்கள், தண்ணீர் நிறைந்தால் அந்தப் படகுகள் குப்புறக் கவிழ்ந்துவிடும் என்று விளக்கினார். இவர் மட்டும் பக்கவாட்டிலும் மேல் விளிம்பு வரை ஊற்றுகிறார். அது அவருடைய சொந்த யோசனை. அதைச் சொல்லும்போது குரலில் பெருமை எட்டிப் பார்த்தது. எதிரில் நிற்பவர் யார் என்பது நினைவுக்கு வர, சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அந்த அம்மாள் அவர் முகத்தையே பார்த்தார்.

"தூரத்துல போறவங்க பார்த்தா, உள்ள தண்ணி நிறைஞ்சிருக்கிறது தெரியுமா ஐயா?"

பட்டறைக்காரருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இதற்காகத்தான் வந்திருக்கிறார். படகு கவிழ்ந்து கிடந்திருந்தால் யார் கண்ணிலாவது பட்டிருக்கும், காப்பாற்ற ஓடி வந்திருப்பார்கள். சமர்த்தாக நிமிர்ந்து நின்றதால்தான் ஒருவரும் கிட்டே வரவில்லை. எதைப் பெருமையாக நினைத்துச் செய்தாரோ அதுவே ஒரு மனிதரைக் கொன்றிருக்கிறது. இது வெளியே தெரிந்தால் பட்டறைக்குப் பூட்டுப் போட வேண்டியதுதான்.

"தெரியாம இருக்குமா? படகு தாழ்ந்து நிக்குமே. கொஞ்சம் கவனிச்சுப் பார்த்திருந்தா யார் வேணும்னாலும் கண்டுபிடிச்சிருக்கலாம்."

அந்த அம்மாளின் முகம் வாடிப்போனது. பக்கத்தில் இருந்த டிரம்மின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"கவனிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்," என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

கேஸ் இத்தோடு முடிந்தது, மச்சான் கேட்டால் தோளில் தட்டிக் கொடுப்பார் என்று பட்டறைக்காரர் நினைத்தார். நினைப்பில் நிம்மதிதான் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மாள் எழுந்து, போய்வருகிறேன் என்று தலையை மட்டும் அசைத்துவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து வாசலை நோக்கி நடந்தார். அந்த நடையைப் பார்க்க இவருக்கு மனசு கேட்கவில்லை. புருஷனைப் பறிகொடுத்தவளிடம் போய் பொய் சொல்லிப் பிழைக்கும் பிழைப்பும் ஒரு பிழைப்பா என்று தன் மேலேயே அருவருப்பு வந்தது.

"அம்மா, நில்லுங்க. நான் சொன்னது பொய்."

அந்த அம்மாள் திரும்பினார்.

"ஒவ்வொரு படகையும் கடல்ல விட்டு, தண்ணி நிரப்பிப் பார்த்துட்டுத்தான் கொடுப்போம். கரையில நின்னு பார்த்தா எனக்கே வித்தியாசம் தெரியாது. செஞ்சவனுக்கே தெரியலைன்னா தூரத்துல போறவனுக்கு எப்படித் தெரியும்? எத்தனை கவனமாப் பார்த்தாலும், உள்ள ஆள் குனிஞ்சு வேலை செய்யறார்னுதான் நினைப்பாங்க. அவங்களைச் சொல்லிக் குத்தமில்லை. தப்பு என் வேலையிலதான் இருக்கு. கோர்ட்டுல கேட்டாலும் இதையேதான் சொல்வேன்."

சாபமோ வசவோ, எது வந்தாலும் வாங்கிக்கொள்ளத் தலையைக் குனிந்து நின்றார். அந்த அம்மாள் வேகமாகத் திரும்பி வந்தார். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை உடைந்து கொட்டியது.

"கோர்ட்டுக்கு வேண்டாம் அண்ணே, என் வீட்டுக்கு வாங்க. அன்னிக்கு அந்தப் பக்கமாப் போனவன் என் மகன்தான். அப்பா படகு நல்லாத்தானே நிக்குதுன்னு தூரத்துல இருந்தே கையை ஆட்டிட்டு வந்துட்டான். அன்னியில இருந்து கதவைச் சாத்திக்கிட்டுக் கிடக்கான். இப்போ சொன்னதை அப்படியே அவன்கிட்ட வந்து சொல்லுங்க அண்ணே."