வீட்டுப்பாடம் இல்லாத வகுப்பு

“நாலாம் வகுப்பு டீச்சருக்கு எதுக்குச் சம்பளம்னு கேக்கறேன்!”

எடுத்த எடுப்பிலேயே எகிறினார் பஞ்சநாதன்.

கீழ்வேளூர் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கிருந்த தொடக்கப் பள்ளியில் பெற்றோர் கூட்டம். தலைமை ஆசிரியை கமருன்னிஸா வாங்கி வைத்த டீயை இன்னும் யாரும் வாயில்கூட வைக்கவில்லை. அதற்குள் ஆரம்பித்துவிட்டார் மனிதர்.

“என்ன குறைங்க? நிதானமாச் சொல்லுங்க.”

“எம் பொண்ணு அபிநயா பையைத் தூக்கிட்டுப் போவுது, பையைத் தூக்கிட்டு வருது. ஒரு மாசமா வீட்டுப்பாடமே கிடையாது. பக்கத்து வீட்டுப் புள்ள வேன்ல போயி இங்கிலீஷ் மீடியம் படிக்குது. அதுக்குப் பக்கம் பக்கமா எழுதக் குடுக்கறாங்க. நம்ம டீச்சருக்கு நோட்டுத் திருத்தக் கை வலிக்குது போல!”

கூட்டம் சிரித்தது. பின்னாலிருந்து ஒரு அம்மாவும் சேர்ந்துகொண்டார்.

“கவர்மெண்டு ஸ்கூல்னா இளக்காரந்தான். இவங்க பெத்த புள்ளையா இருந்தா இப்படி விடுவாங்களா?”

செவ்வந்தி டீச்சர் எழுந்தாள். இந்தப் பள்ளிக்குப் புதிதாக வந்தவள்.

“எழுத வேண்டியதை எல்லாம் பெல் அடிக்கிறதுக்குள்ள இங்கயே எழுத வச்சிடறேங்க.”

“இங்க எழுதினா எங்களுக்கு எப்படித் தெரியும்? வீட்டுல ஒக்காந்து படிச்சாத்தான படிப்பு? பெத்தவங்க நாங்க எதுக்கு இருக்கோம்?” பஞ்சநாதனின் குரல் சட்டென்று தழுதழுத்தது. “எங்க காலந்தான் சேத்துலயே போச்சு. எம் பொண்ணு காலமும் அப்படியே போவணுமாங்க?”

செவ்வந்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

“மன்னிச்சிடுங்க. வீட்டுப்பாடம் மட்டும் குடுக்க முடியாதுங்க.”

“அதான் ஏன்னு கேக்கறேன்.”

செவ்வந்தி சுவரைப் பார்த்தபடி நின்றாள். பார்க்கிறவர்களுக்குத் திமிர் என்றுதான் தோன்றும். அப்படித்தான் தோன்றியது.

“அழுத்தத்தைப் பாத்தீங்களா! மேடம், இவங்களை வேற ஊருக்கு மாத்தச் சொல்லுங்க. இல்லன்னா நாங்களே மேல போயிச் சொல்லுவோம்.”

ஆளாளுக்குக் கை தட்டினார்கள். கூட்டம் கலைந்தது.

அறைக்குள் வந்ததும் கமருன்னிஸா பொரிந்து தள்ளிவிட்டார்.

“என்னம்மா பிடிவாதம் உனக்கு? நிஜமாவே மாத்திட்டாங்கன்னா என்ன பண்ணுவ? கைக்குழந்தைய வீட்டுல விட்டுட்டு பஸ் மாறி பஸ் மாறிப் போவியா? ரெண்டு கணக்கைக் குடுத்து அனுப்ப வேண்டியதுதானே!”

“குடுத்துக்கிட்டுதான் மேடம் இருந்தேன். ஒரு பிள்ளை மட்டும் எப்பவும் எழுதாமயே வரும். நானும் திட்டித் திட்டிப் பாத்தேன். ‘உங்கப்பாவைக் கேட்டு எழுதினா என்ன’ன்னு ஒருநாள் சத்தம் போட்டேன். ‘நான் நோட்டைத் தொறந்தா அப்பா மம்பட்டிய எடுத்துக்கிட்டு வயலுக்குத் தண்ணி கட்டப் போயிடுது டீச்சர். நான் தூங்கினப்புறந்தான் வருது’ன்னு சொல்லுச்சு.”

“தண்ணி கட்டவா? அறுப்பே முடிஞ்சு போச்சு. ஆத்துலயும் சொட்டுத் தண்ணி இல்ல.”

“நானும் அதையேதான் கேட்டேன். அதுக்கும் தெரிஞ்சிருக்கு மேடம். ‘அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் ஏதாவது கேட்டுடுவேன்னு போயிடுது. நீங்க வீட்டுப்பாடம் குடுக்காதீங்க டீச்சர், அப்பா வீட்டுலயே இருக்கும்’னு அழுதுச்சு. எனக்கு மனசு கேக்கல.”

கமருன்னிஸா நாற்காலியில் உட்கார்ந்தார். கோபம் போன இடம் தெரியவில்லை.

“சரி, இப்ப?”

“இப்ப அப்பாவோட ஒரே தட்டுல சாப்பிடுதாம். கதை எல்லாம் சொல்றாராம்.”

“அட பைத்தியமே! இதைக் கூட்டத்துல சொல்லியிருந்தா அத்தனை பேரும் வாயை மூடியிருப்பாங்களே. பேரைச் சொல்லாமயாவது சொல்லியிருக்கலாம்ல?”

செவ்வந்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“எப்படி மேடம் சொல்றது? எதிர்ல நின்னு சத்தம் போட்டுக்கிட்டிருந்ததே அந்த அப்பாதானே!”