சமத்துப் பிள்ளைகள்

அடைப்பு அப்படியே இருந்தது. அதைச் சுற்றியிருந்த பல்லைத்தான் காணோம்.

டார்ச்சை அணைத்துவிட்டு நிமிர்ந்தார் பல் டாக்டர் ஜெபஷீலா.

"பிள்ளைக்கு என்னம்மா குடுக்குற?"

"ஒண்ணும் குடுக்கலம்மா. நீங்க போன தடவை சொன்னதுலருந்து வீட்டுல மிட்டாயே கிடையாது. டீ கூட சீனி போடாமத்தான்" என்றாள் முனீஸ்வரி. டாக்டர் வரச் சொன்னதால் அன்றைக்கு ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகும் ஜீப்பை விட்டுவிட்டு நின்றாள்.

"எல்லாரும் இதத்தான் சொல்றீங்க."

கம்பம் வட்டாரத்தில் இருநூறு குழந்தைகளின் சொத்தைப் பல்லில் இரண்டு வகைத் தற்காலிக அடைப்பை வைத்து, எது தாக்குப்பிடிக்கிறது என்று ஆறு மாதமாகப் பார்த்து வந்தார் டாக்டர். ஒன்று கிராம்பு வாசனை அடிக்கும். மற்றது வெள்ளை, பல்லோடு ஒட்டிக்கொள்ளும். மற்ற தெருக்களில் வெள்ளை முந்தியது. இந்தத் தெருவில் மட்டும் இரண்டுமே தோற்றன. பதினெட்டுப் பிள்ளைகள். பதினெட்டுப் பேருக்கும் மேல்வரிசை முன்பற்கள் கறுப்பு.

அத்தனை பேரின் அம்மாக்களும் விடிகாலை ஜீப்பில் கம்பம்மெட்டு மலைக்கு வேலைக்கு ஏறுகிறவர்கள். சாயங்காலம் வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது கஸ்தூரியம்மாள். பரிசோதனையும் அவர் வீட்டுக் கூடத்தில்தான்.

"இனிப்பை வாயில வச்சுத் தூங்கவிட்டா இப்படித்தான் முன்பல்லு கரையும். நான் எந்த மருந்தை வச்சாலும் நிக்காது" என்றார் டாக்டர்.

"டாக்டரம்மா கேக்குறாகல்ல, உண்மையச் சொல்லுடி" என்று கஸ்தூரியம்மாளும் சேர்ந்துகொண்டார். "ராத்திரி அழுதா சீனியத் தடவித் தூங்க வைக்கிறது. இவளுகளுக்குப் பெக்கத் தெரியும், வளக்கத் தெரியாது."

"ராத்திரி அவ எங்க தூங்குறாக்கா? விடிய விடிய முழிச்சுக்கிட்டு, எங்களையும் தூங்க விடமாட்டேங்குறா."

"பாத்தீகளா, பேச்ச மாத்துறா."

முனீஸ்வரியின் மகள் சுபாஸ்ரீயின் அட்டையில் டாக்டர் எழுதினார்: 'தாய் ஒத்துழைக்கவில்லை.'

"நாலு பல்லையும் எடுத்துரணும்மா. வேற வழியில்ல."

"நாலா?" முனீஸ்வரி மகளின் வாயைப் பார்த்தாள். "நாலு வயசுதானம்மா ஆகுது. பேச்சு நல்லா வருமா?"

"அத முன்னாடியே யோசிச்சிருக்கணும்."

டாக்டர் கஸ்தூரியம்மாள் பக்கம் திரும்பினார்.

"என் வீட்டுல ஒண்ண வச்சுக்கிட்டே நான் படுறபாடு எனக்குத்தான் தெரியும். நீங்க பதினெட்டுப் பேரை எப்படிச் சமாளிக்கிறீங்க? எப்ப வந்தாலும் சத்தமே இருக்காது."

"அடிச்சா வளக்க முடியும்? எல்லாம் பாசந்தான் டாக்டரம்மா."

எடுப்பதற்கு முன் ஒருமுறை சொத்தையைச் சுரண்டிப் பார்த்துவிடலாம் என்று, டாக்டர் தட்டிலிருந்து நுனி குழிந்த சின்னக் கரண்டியை எடுத்தார். "கண்ணு, ஆ காட்டு."

கரண்டி கிட்டே வருவதற்கு முன்பே சுபாஸ்ரீ வாயைத் திறந்தாள். உடனே மூடி, எதையோ விழுங்குவதுபோல் விழுங்கினாள். உதட்டை நக்கிக்கொண்டாள். நாற்காலியிலிருந்து இறங்கிப் போய், சுவரோரம் கிடந்த பாயில் படுத்துக் கண்ணை மூடினாள்.

அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்ற பிள்ளைகளும் கரண்டியைப் பார்த்தார்கள். ஒவ்வொருவராகப் போய் அவரவர் இடத்தில் படுத்தார்கள். யாரும் சொல்லவில்லை.

காலை மணி பத்தேகால்.

கரண்டியைப் பிடித்த கை அப்படியே நிற்க, டாக்டர் கேட்டார்.

"ஏன் கண்ணு படுத்துட்ட?"

"இருமல் மருந்து ஊத்தினா தூங்கணும்ல" என்றாள் சுபாஸ்ரீ, கண்ணைத் திறக்காமல். "அம்மா ஜீப்பு வர்ற வரைக்கும் முழிக்கக் கூடாது."

கஸ்தூரியம்மாள் அவசரமாக அலமாரிப் பக்கம் நகர்ந்தார்.

கூடத்தில் பதினெட்டுப் பிள்ளைகள் கண்ணை மூடிப் படுத்திருந்தார்கள்.

ஒன்றுகூட இருமவில்லை.