காரைச் சரியா எடுங்கண்ணே

“மறுபடியும் காரைத்தான் எடுக்கச் சொன்னாரா?”

வாசலில் நின்று மலர்கொடி கேட்டாள். பதில் சொல்ல அர்ச்சுனனுக்கே கூச்சமாக இருந்தது.

“ஆமாம்மா. போன தடவை அனுப்பின படம் சரியில்லையாம்.”

“நான் எப்படி இருக்கேன்னு ஏதாச்சும் கேட்டாரா?”

அர்ச்சுனன் குனிந்து கேமராவைத் துடைக்க ஆரம்பித்தான்.

மரக்காணத்தில் ஸ்டுடியோ வைத்திருப்பவன் அவன். மலர்கொடியின் கணவன் சதீஷ் குவைத்தில் இருக்கிறான். முதல் தடவை போய்ச் சம்பாதித்த காசில் இந்தக் கருநீல மாருதியை வாங்கினான். கல்யாணம் செய்துகொண்டான். மறுபடியும் விமானம் ஏறிவிட்டான். மலர்கொடிக்கு இப்போது ஆறாவது மாதம். ஆனால் அந்த மகராசன் அர்ச்சுனனுக்குப் போன் போட்டுக் கேட்பதெல்லாம், “காரை ஒரு படம் எடுத்து மெயில்ல அனுப்புங்கண்ணே” என்பதுதான்.

கார்ப் பைத்தியங்களை அர்ச்சுனன் நிறையப் பார்த்திருக்கிறான். இப்படி ஒருத்தனைப் பார்த்ததில்லை.

“நீயும் பக்கத்துல வந்து நில்லும்மா. சேத்து ஒண்ணு எடுத்து அனுப்பிடறேன்.”

மலர்கொடி சட்டென்று தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள். அதற்குள் உள்ளேயிருந்து மாமியார் சாலம்மாளின் குரல் வந்துவிட்டது.

“வாணாம்பா! புள்ளத்தாச்சிய படம் புடிக்கக் கூடாது. கண்ணு பட்டுடும். புள்ள பொறக்கட்டும், அப்புறம் எவ்ளோ வேணாலும் எடு. சதீஷ்கிட்டயும் சொல்லிட்டேன்.”

மலர்கொடி வாசலிலேயே நின்றுவிட்டாள். பக்கத்து வீட்டுப் போனில் சதீஷ் பேசும்போதும் மாமியார் கூடவே நிற்பாள். “காரைத் தொடைச்சியா?” என்று கேட்பதோடு அவன் முடித்துக்கொள்வான்.

அர்ச்சுனனுக்கு வேறொரு கவலை. முதல் தடவை காரை வீட்டு வாசலிலேயே வைத்து எடுத்திருந்தான். பாலிஷ் போட்ட கதவில் வாசல், துணிக்கொடி, வேடிக்கை பார்த்தவர்கள் எல்லாம் அப்படியே விழுந்திருந்தது. “சூப்பர்ண்ணே” என்று சதீஷ் சொன்னாலும், தொழில் தெரிந்தவனுக்கு மானம் போகிற காரியம் அது.

அதனால் இரண்டாவது தடவை காரை உப்பளத்துப் பக்கம் ஓட்டிப்போய் நிறுத்தினான். எதிரே வெட்டவெளி, பின்னால் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல். கதவில் ஒரு தூசி நிழல்கூட விழவில்லை. காலண்டரில் போடலாம் போலிருந்தது. அதைத்தான் சரியில்லை என்கிறான்.

இன்று பாண்டிச்சேரியிலிருந்து, பிரதிபலிப்பை அடக்க லென்ஸில் மாட்டும் ஃபில்டர் ஒன்று இரவல் வாங்கி வந்திருந்தான். மறுபடியும் உப்பளத்தில் நிறுத்தி எடுத்தான். கண்ணாடியின் பளபளப்பு அடங்கி, உள்ளே இருக்கும் சீட்டுத் துணியின் பூவரைக்கும் தெரிந்தது. பிரவுசிங் சென்டருக்குப் போய் உடனே அனுப்பினான்.

மறுநாளே போன் வந்தது.

“அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க. முன்னதுக்கு இது இன்னும் மோசம்.”

“ஏம்பா, இதுக்கு மேல ஒரு காரை எப்படி எடுக்கிறது?”

“மொதல்ல எடுத்தீங்களே, அந்த மாதிரி எடுங்கண்ணே.”

“அதுவா? அதுல வாசல்ல நின்னவங்கல்லாம் கதவுல தெரியறாங்களேப்பா!”



“தெரியட்டும்ண்ணே” என்றான் சதீஷ், மெதுவாக. “அம்மாதான் நேரா எடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்களே.”

அர்ச்சுனன் தலையில் அடித்துக்கொண்டான். அன்று சாயங்காலமே கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

காரை வீட்டு வாசலுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தினான்.

“மலர்கொடி, அந்தப் படியில நில்லும்மா. இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம். லேசா திரும்பு.”

“நான் எதுக்குண்ணே? நீங்க காரை எடுங்க.”

“காரைத்தாம்மா எடுக்கறேன். நீ அந்தக் கதவைப் பாரு.”

மலர்கொடி பார்த்தாள். ஜன்னல் கண்ணாடியில் அவள் முகம். கீழே கருநீலக் கதவில் அவள் வயிறு.

“இதுக்கா கேட்டாரு?”

“இதுக்குத்தான்.”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. இத்தனை நாள் ஒரு காரைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

அப்போது பார்த்து சாலம்மாள் வெளியே வந்தாள். மருமகளைப் பார்த்தாள். கேமராவைப் பார்த்தாள். கடைசியாகக் கார்க் கதவைப் பார்த்தாள்.

“புள்ளத்தாச்சிய எடுக்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லியா?”

“கா... காரைத்தாம்மா எடுக்கறேன்” என்று இழுத்தான் அர்ச்சுனன்.

சாலம்மாள் விறுவிறுவென்று காரை நோக்கி நடந்தாள். குறுக்கே நின்று மறைத்துவிடப் போகிறாள் என்று அர்ச்சுனன் கேமராவை இறக்கினான். மலர்கொடி படியைவிட்டு நகரப் போனாள்.

“நீ எங்கடி போற? அங்கியே நில்லு.”

கதவருகே குனிந்த சாலம்மாள், முந்தானையை எடுத்து அழுத்தித் துடைக்க ஆரம்பித்தாள்.

“காரை எடுக்கறவன் தொடைச்சிட்டு எடுக்க வாணாமா? வயித்துகிட்ட எவ்ளோ உப்புப் படிஞ்சிருக்குது பாரு. என் புள்ளைக்கு அவன் புள்ள எப்படித் தெரியும்?”