பதிவுத் திருட்டு

“இன்னா ஏஞ்சல் இது? நீ எழுதுனத அப்படியே திருடி, அவங்கவங்க பேர்ல போட்டுக்கினு கீறாங்க!” என்று போனை நீட்டினான் சகாயம்.

பாலவாக்கம் மீனவர் குப்பத்தில் படகுகளுக்குப் போகும் வழியை ஒரு ரிசார்ட் வேலி போட்டு அடைத்துவிட்டது. அதைப் பற்றி அவன் மனைவி ஏஞ்சல் தன் வலைப்பூவில் எழுதிய பதிவு அது.

“ஷேர் பட்டனத்தான் எடுத்துட்டேனே,” என்றாள் அவள்.

“எடுத்து இன்னா புண்ணியம்? அதான் காப்பி அடிச்சிட்டாங்களே! மீன் விக்கிற குப்பம்மா கூடவா இப்படிப் பண்ணும்? ஒருத்தர் கூட உன் பேரப் போடல.”

அப்போது வாசலில் ரிசார்ட் மேனேஜர் வக்கீலோடு வந்து நின்றார்.

“அந்தப் பதிவை உடனே எடுக்கணும்மா. இல்லேன்னா கோர்ட்டுக்கு நடையா நடக்க வேண்டியிருக்கும்.”

ஏஞ்சல் அதை அவர் கண்ணெதிரிலேயே அழித்தாள்.

“இதை ஷேர் பண்ணவங்க?”

“ஷேர் பண்ணியிருந்தா அதுவும் இதோட போயிருக்கும் சார்.”

வந்த இருவரும் சிரித்துக்கொண்டே காரில் ஏறினார்கள்.

சகாயம் கொதித்தான். “பயந்துட்டியா? திருடுனவங்களுது எல்லாம் அப்படியே கீது. எழுதுன உன்னுது மட்டும் போச்சே!”

“யாருய்யா திருடுனது? வூடு வூடாப் போயி, ‘என் பேரத் தூக்கிட்டு உன் பேர்ல போடு’ன்னு நான்தான் சொன்னேன். ஷேர் பண்ணா, என் ஒருத்திய மிரட்டுனாலே எல்லாம் அழிஞ்சிரும். இப்ப அந்தாளு குப்பம் மொத்தத்தையும் மிரட்டணும். வரட்டும், பாத்துக்கலாம்!”