சுத்தமான பிரதி

கத்தி இறங்கும்போது வனஜா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"புக்குதாம்மா, ஆடு இல்ல," என்றான் வினோத். ஆவடி ஸ்டேஷன் பக்கத்தில் ஸ்கேன் கடை வைத்திருப்பவன். முதுகை வெட்டித் தாள் தாளாகப் பிரித்தால்தான் மெஷின் இழுக்கும்.

தடித்த இன்ஜினீயரிங் பாடப்புத்தகம். ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் அலமாரியில் கறையான் ஏறி, பக்கங்களின் ஓரத்தை அரிக்க ஆரம்பித்திருந்தது. இன்னொரு மழைக்கு எதுவும் மிஞ்சாது என்று தூக்கிக்கொண்டு ஓடி வந்திருந்தாள்.

"இது நெட்லயே கீதும்மா. சும்மாவே எறக்கிக்கலாம்."

"அது வேணாம். இதுதான் வேணும்."

"யாருது, பையனுதா?"

"ஆமா, அஸ்வினோடது. போன வருஷம் வரைக்கும் படிச்சான்."

வெட்டிய தாள் ஒன்றை எடுத்தாள். அதைப் பக்கவாட்டில் திருப்பி, கண்ணருகே பிடித்து வெகுநேரம் பார்த்தாள். கறையானைத் தேடுகிறாள் என்று நினைத்தான் வினோத்.

"இந்தப் பேப்பரை இங்க வெச்சா மத்த புக்குக்கும் ஏறிடும்மா. ஸ்கேன் எடுத்துகினு கொளுத்திடவா?"

அவள் கையிலிருந்த தாளை மற்ற தாள்களோடு சேர்த்து அடுக்கினாள்.

"எல்லாம் கம்ப்யூட்டர்ல வந்துடுமா தம்பி?"

"ஒரு எழுத்து போவாது. அப்புறம் கறையான் இன்னா, வெள்ளமே வந்தாலும் ஒண்ணும் பண்ணாது."

"அப்ப சரி."

வினோத் வேலையில் பொய் சொல்கிறவன் இல்லை. ராத்திரி வரை உட்கார்ந்து, அரித்த ஓரங்களை ஒவ்வொரு பக்கமாகத் திரையில் நறுக்கி எறிந்தான். கறைகளையும் கிறுக்கல்களையும் துடைத்தான். சுத்தமான பிரதி வந்ததும் முதலில் எடுத்த ஸ்கேனை அழித்தான். இடத்தை அடைக்கும், அதுதான் கடை வழக்கம். காலையில் தாள்களைக் கொளுத்தினான்.

சாயங்காலம் வனஜா வந்தாள். திரையில் பக்கங்கள் வெள்ளை வெளேரென்று ஓடின.

"பாருங்கம்மா. புதுசு வாங்கினா கூட இப்டி இருக்காது."

வனஜா தலையைச் சாய்த்துத் திரையைப் பார்த்தாள். அடுத்த பக்கத்தைக் காட்டச் சொன்னாள். அதற்கும் அடுத்ததை. தலை சாய்ந்தபடியே இருந்தது.

"இன்னாம்மா, பாடம் எதுனா விட்டுப்போச்சா?"

"எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது தம்பி," என்றாள். "சாகறதுக்கு முன்னாடி எம்புள்ள ஓரத்துல தமிழ்ல எழுதி வெச்சது எங்க?"