சளியோட வாக்கிங்

"சளிதானே? நடந்தா போயிடும். கிளம்பு."

மருமக மஞ்சுவை வாசலுக்கு வெளிய விட்டுட்டு, எதிர்வீட்டுப் பச்சையம்மா பெரீம்மா உள்தாழ்ப்பாள் போட்டுக்கினாங்க.

இப்பத்தான் விடியுது. காளஹஸ்தியில மார்கழிப் பனியைப் பத்தித் தெரியாதவங்க யாரு? ஆத்தங்கரைப் பக்கம் எதிர்ல வர ஆளு தெரியாது. மஞ்சுவுக்கு அஞ்சாம் மாசம் வேற. மூக்கு செவந்து, வாயால மூச்சு விட்டுக்கினு நிக்கறா.

நான் எங்க வாசல்லேர்ந்து இறங்கி அவகிட்ட போனேன்.

"இந்த உடம்போட எதுக்கு மஞ்சு வாக்கிங்? முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"நடந்தா சுகப்பிரசவம் ஆவுமாங்க்கா. அத்தை சொன்னாங்க."

"அதுக்குள்ள நிமோனியா வந்துடும். வா, எங்க வீட்டுல உக்காரு. சுக்கு காபி போட்டுத் தரேன். நடந்துட்டு வந்தேன்னு சொல்லிக்க."

அவ தெருமுனையையே பார்த்துக்கினு இருந்தா. "வேணாங்க்கா. கம்பெனி பஸ் வர நேரம். அவரு வந்துடுவாரு."

"வரட்டுமே. வெங்கட்டுகிட்ட நானே கேக்கறேன், இது நியாயமான்னு."

"வேணாங்க்கா." என் கையைப் பிடிச்சா. கை அனலா சுட்டுது. துப்பட்டாவை காதோட சுத்திக்கினு வேகமா போயிட்டா.

பெரீம்மா மகன் வெங்கட்டுக்கு ஸ்ரீ சிட்டி பேக்டரியில நைட் ஷிப்ட். சாயங்காலமானா டிபன் பாக்ஸை எடுத்துக்கினு தலை குனிஞ்சே போவான். தங்கமான புள்ளைக்கு இப்படி ஒரு அம்மாவான்னு தெருவே பேசும். நானும்தான்.

பஸ் வந்து போன சத்தம் கேட்டுது. கொஞ்ச நேரம் பொறுத்தேன். வெங்கட்டு தூங்கறதுக்குள்ள ரெண்டுல ஒண்ணு கேட்டுடலாம்னு போய்க் கதவைத் தட்டினேன்.

ரொம்ப நேரம் கழிச்சு, கதவு ஒரு சாண் திறந்துது.

பெரீம்மாவுக்கு உதடு கிழிஞ்சி ரத்தம். உள்ளே பாத்திரம் உருளுது. சாராய நாத்தம் குப்புன்னு அடிச்சுது.

"எங்க அவ? எங்க ஒளிச்சி வச்சிருக்க?" வெங்கட்டோட குரல்தான்.

"என்ன பெரீம்மா இது?"

"மெதுவா பேசு கலை." முந்தானையால வாயைத் தொடைச்சிக்கினாங்க. "டூட்டி முடிஞ்சி குடிச்சிட்டு வந்தா, இவனுக்கு அடிக்க ஒரு ஆள் வேணும். அடிச்சி ஓஞ்சா தூங்கிடுவான்."

"அதுக்காக சளியோட அவளை..."

"போன தடவை வயித்துலயே உதைச்சான். வழுக்கி விழுந்து கலைஞ்சிடுச்சின்னு தெருவுக்கெல்லாம் நான்தானே பொய் சொன்னேன்."

என்ன ஜென்மம் இவன், இவனையா தங்கம்னோம்?

பின்னாடி இருந்து அவன் அவங்க முடியைப் பிடிச்சான். கதவைச் சாத்திக்கினே பெரீம்மா அவசரமா சொன்னாங்க.

"இன்னிக்கி இன்னும் ஓயலை. ஓடு கலை, அவளை இப்ப வராதேன்னு சொல்லு. கோயில் வரைக்கும் நடந்துட்டு, வெயில் ஏறினப்புறம் வரட்டும்."