சாய்வு நாற்காலி

நின்றுபோன கப்பல் கம்பெனியின் அலுவலகத்தை அருங்காட்சியகமாகக் காத்துவந்த அக்கா, தினமும் மாலையில் அந்தக் கப்பல்களின் சாய்வு நாற்காலிகளை மடித்துவைத்த பிறகே கதவைப் பூட்டுவாள். அந்த நாற்காலிகளில் பயணிகள் போர்த்திக்கொண்ட கம்பளிப் போர்வைகளைத் தம்பி பழைய சாமான் கடையில் விற்றதிலிருந்து, தினமும் காலையில் ஒரு நாற்காலி மட்டும் விரிந்தே கிடந்தது.

"கப்பலே போயிடுச்சு, கட்டடம் மட்டும் எதுக்குக்கா? அதையும் வித்துடலாம்."

"நான் இருக்கிற வரைக்கும் இது இருக்கும். நீ முதல்ல அந்த நாற்காலியைத் தொட்டுப் பாருடா."

தொட்டான். துணி குளிரில் நடுங்குவதுபோல் நடுங்கியது.

தம்பி அன்றே அலைந்து போர்வைகளை மீட்டுவந்தான். "மன்னிச்சுக்குங்க" என்று சொல்லி, ஒன்றை நாற்காலியின்மேல் விரித்தான். நடுக்கம் அடங்கியது. போர்வை தட்டையாக விழவில்லை. இரண்டு முழங்கால்களின்மேல் மெல்லப் படிந்தது.